ஆபீஸ் சர்வரில் வேண்டாத சர்வீஸ்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் ஆபீஸ்களின் சர்வரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு விண்டோஸ் சர்வர் இருக்கும். அதில் டேலி, ஷேர் போல்டர், அட்டெண்டன்ஸ் சாப்ட்வேர் எல்லாம் ஓடும். கூடவே உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றும் இருக்கலாம். இந்த மாதிரி இடங்களில் நான் பார்த்த தொல்லைகளில் பாதிக்கு மேல் யாரோ எப்போதோ நிறுவிவிட்டு மறந்துபோன சாப்ட்வேரால் வந்தவை. அவை சர்வீஸாக, அதாவது யாரும் திறக்காமலே பின்னணியில், ஓடிக்கொண்டிருக்கும். வெப்சைட் பையன் சோதனைக்குப் போட்ட எக்ஸ்ஏஎம்பிபி என்ற வெப் சர்வர் தொகுப்பு, சர்வீஸ் இன்ஜினியர் விட்டுப்போன எனிடெஸ்க் என்ற ரிமோட் சாப்ட்வேர், 2016இல் வாங்கி 2018இல் கைவிட்ட பில்லிங் சாப்ட்வேரின் டேட்டாபேஸ் என்று பட்டியல் நீளும்.

தொடங்கும் முன் மூன்று காரியம். முதலில் பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள். அடுத்து, சர்வருக்கு நேரில் மானிட்டரும் கீபோர்டும் மாட்டி உள்ளே போக முடிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரிமோட்டில் இருந்தபடியே ரிமோட் சர்வீஸை நிறுத்திவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸுக்கு வண்டி எடுத்துக்கொண்டு ஓடிய அனுபவம் எனக்கு உண்டு. மூன்றாவது ஒரு நோட்டு. சர்வீஸின் பெயர், அது எந்த போர்ட்டில் (நெட்வொர்க்கிலிருந்து வருபவர்களுக்காகக் காத்திருக்கும் எண் போட்ட வாசல்) நிற்கிறது, அது நின்றால் ஆபீஸில் யார் நம்மைத் தேடி வருவார் என்று மூன்று பத்தி போடுங்கள். மூன்றாவது பத்தியில் எழுத ஆள் கிடைக்காத சர்வீஸ்தான் நம் வேலை.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

அறிகுறி: என்னவென்றே தெரியாத போர்ட் திறந்திருக்கிறது

விண்டோஸில் அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து நெட்ஸ்டாட் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோட்டுக்குப் பின் ஏ, பி, என், ஓ என்ற நான்கு எழுத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். லினக்ஸில் சூடோ எஸ்எஸ், அதன் பின் சிறு கோடு, டி, யு, எல், பி, என். இரண்டிலும் போர்ட் எண்ணும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராமின் பெயரும் வரும்.

போர்ட் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதற்கு இடப்பக்கம் இருக்கும் முகவரியைப் பாருங்கள். 127 என்று தொடங்கினால் அந்த சர்வீஸ் இந்த மெஷினுக்குள் மட்டுமே பேசுகிறது, வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. உபுண்டுவில் 127.0.0.53இல் 53ஆம் போர்ட்டைப் பார்த்துப் பயந்து என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. அது பெயர் தேடித்தரும் உள்ளூர் சர்வீஸ், விட்டுவிடலாம். 0.0.0.0 என்றோ சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளியோ இருந்தால் அது எல்லா நெட்வொர்க் கார்டுகளிலும் காத்திருக்கிறது. முதலில் கவனிக்க வேண்டியவை இவைதான்.

அடுத்து புரோகிராமின் பெயர். விண்டோஸில் நிறைய வரிகளில் எஸ்விசிஹோஸ்ட் என்றே வரும். அது பல சர்வீஸ்களைச் சுமக்கும் வண்டி மாதிரி. டாஸ்க்லிஸ்ட் கட்டளையோடு சாய்கோடு போட்டு எஸ்விசி என்று சேர்த்தால், எந்த எண்ணுள்ள வண்டியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். 135, அப்புறம் 49664இலிருந்து வரிசையாக வரும் சில போர்ட்டுகள் எல்லா விண்டோஸ் சர்வரிலும் இருக்கும். அவற்றை நிறுத்தப் போகாதீர்கள், நிறுத்தினால் விண்டோஸே படுத்துவிடும். அவை வெளியே தெரியாமல் ஃபயர்வால் பார்த்துக்கொள்ளட்டும்.

குழப்பும் ஒன்று உண்டு. 80ஆம் போர்ட்டின் சொந்தக்காரர் பிராசஸ் எண் 4, பெயர் சிஸ்டம் என்று வரும். சிஸ்டத்தையா நிறுத்துவது என்று கையைப் பிசைய வேண்டாம். விண்டோஸின் கெர்னல் என்ற மையப் பகுதிக்குள்ளேயே வெப் கோரிக்கைகளை வாங்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதன் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள். நெட்எஸ்எச் எச்டிடிபி ஷோ சர்வீஸ்ஸ்டேட் என்று தட்டினால் அந்த ஆள் வெளியே வருவார். பெரும்பாலும் அது ஐஐஎஸ், விண்டோஸோடு வரும் வெப் சர்வர். ஒரு காலத்தில் விண்டோஸ் 2000 சர்வரைப் போட்டாலே ஐஐஎஸ்ஸும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். 2001 ஜூலையில் கோட் ரெட் புழு அதைப் பிடித்துத்தான் பரவியது. தங்கள் மெஷினில் வெப் சர்வர் ஓடுகிறது என்பதையே அறியாமல் இருந்தவர்கள் பலர். 2003 பதிப்பிலிருந்து, நாமாகக் கேட்டால்தான் ஐஐஎஸ் வரும்.

அறிகுறி: யாரும் நிறுவாத எஸ்க்யூஎல் சர்வர் ஓடுகிறது

கேட்டால் யாரும் நிறுவவில்லை என்றுதான் சொல்வார்கள், அது உண்மையும்கூட. அட்டெண்டன்ஸ், பில்லிங், சிசிடிவி மேலாண்மை போன்ற சாப்ட்வேர்களின் செட்டப்பை ஓட்டும்போது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸின் இலவசப் பதிப்பான எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். ஓர் ஆபீஸில் இப்படி மூன்று இன்ஸ்டன்ஸ், அதாவது தனித்தனியாக நிறுவிய மூன்று டேட்டாபேஸ் சர்வர், ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குத்தான் ஆள் இருந்தது. மற்ற இரண்டில் ஒன்றில் எல்லா அதிகாரமும் உள்ள எஸ்ஏ பயனரின் பாஸ்வேர்ட், அந்த சாப்ட்வேரின் பெயரும் 123உம். சாப்ட்வேரை நீக்கி நாலு வருஷம் ஆகியிருந்தது, டேட்டாபேஸை யாரும் நீக்கவில்லை.

இதில் எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று போதும். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் புழு யுடிபி 1434 வழியாக நுழைந்தது. மொத்தம் 376 பைட், இந்தப் பத்தியின் நீளம்கூடக் கிடையாது. பாதிக்கக்கூடிய மெஷின்களில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் அதற்கு ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில் வந்திருந்தது. ஆனால் வேறு சாப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்த எம்எஸ்டிஇ என்ற சின்ன டேட்டாபேஸிலும் அதே ஓட்டை. தன்னிடம் எஸ்க்யூஎல் இருப்பதே தெரியாத மனிதர் எப்படி அதற்குப் பேட்ச் போடுவார்?

சரிசெய்யும் முறை: சர்வீசஸ் ஜன்னலில் எஸ்க்யூஎல் சர்வர் என்று தொடங்கும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் வரும் இன்ஸ்டன்ஸ் பெயர், எந்த சாப்ட்வேர் கொண்டுவந்தது என்பதற்குத் துப்புத் தரும். டேட்டா போல்டரில் எம்டிஎஃப் என்று முடியும் டேட்டாபேஸ் ஃபைல்களின் பெயர்களையும் பாருங்கள். அவற்றின் தேதியை மட்டும் நம்ப வேண்டாம், டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தேதி சரியாக மாறுவதில்லை. ஆளில்லாத இன்ஸ்டன்ஸுக்கு பேக்கப் எடுத்து, நிறுத்தி, ஸ்டார்ட்டப் டைப்பை டிசேபிள்ட் என்று மாற்றுங்கள். அன்றைக்கே அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம். காரணம் கடைசியில் வருகிறது.

அறிகுறி: டேட்டாபேஸ் ஓடுகிறது, கிளையன்ட் மட்டும் சர்வரைக் காணோம் என்கிறது

மேலே சொன்னதைச் செய்யும் ஜோரில் எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர் என்ற சர்வீஸையும் நிறுத்தியிருப்பீர்கள். கிளையன்ட்டில், அதாவது சர்வரைப் பயன்படுத்தும் மெஷினில், பிழை எண் 26 வந்தால் அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று வழி சொல்வது அந்த பிரவுசரின் வேலை. அது உட்கார்ந்திருப்பதும் அதே 1434இல்தான்.

திரும்ப ஓட விடுவது சோம்பேறி வழி. எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அந்த இன்ஸ்டன்ஸின் டிசிபி/ஐபி பகுதிக்குப் போய், டைனமிக் போர்ட் என்ற கட்டத்தைக் காலியாக்கி, நிலையான ஒரு போர்ட் எண்ணைக் கொடுத்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபயர்வாலில் அந்த எண்ணை ஆபீஸ் நெட்வொர்க்குக்கு மட்டும் திறக்க வேண்டும். கிளையன்ட்டில் சர்வர் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி, அடுத்து போர்ட் எண். இப்போது வழி சொல்ல ஆள் தேவையில்லை. சில சாப்ட்வேர்களில் சர்வர் பெயரை மாற்றும் இடமே இருக்காது. அங்கே மட்டும் பிரவுசர் ஓடட்டும், நோட்டில் காரணத்தை எழுதிவிடுங்கள்.

அறிகுறி: நிறுத்திய சர்வீஸ் திரும்ப ஓடுகிறது

நிறுத்துவது வேறு, இனி தொடங்காமல் செய்வது வேறு. விண்டோஸில் ஸ்டாப் மட்டும் அழுத்தினால் அடுத்த பூட்டில் வந்து நிற்கும். மேனுவல் என்று வைத்தாலும் வேறொரு சர்வீஸோ ஏதாவது நிகழ்வோ அதை எழுப்பலாம். டிசேபிள்ட் வைப்பதற்கு முன் டிபெண்டன்சீஸ் தாவலைத் திறந்து, கீழ்ப்பாதியில் யார் யார் இதை நம்பி இருக்கிறார்கள் என்று பாருங்கள். டாஸ்க் ஷெட்யூலரிலும் ஒரு பார்வை தேவை. அப்டேட்டர் என்ற பெயரில் ஒளிந்திருப்பவை அங்கேதான் இருக்கும்.

லினக்ஸில் கப்ஸ் பிரிண்டர் சர்வீஸை எடுத்துக்கொள்வோம். சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கப்ஸ் என்று தட்டினால் அது நிற்கும். ஆனால் கீழே ஓர் எச்சரிக்கை வரும்: கப்ஸ் சாக்கெட்டும் கப்ஸ் பாத்தும் இதை மறுபடி எழுப்ப முடியும் என்று. பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. சாக்கெட் யூனிட் என்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி. யாராவது கதவைத் தட்டியதும் உள்ளே தூங்குபவரை எழுப்பிவிடுவார். சர்வீஸ், சாக்கெட், பாத் மூன்றையும் டிசேபிள் செய்து, கூடவே நௌ என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். அப்படியும் வருகிறதென்றால் மாஸ்க் செய்யுங்கள். மாஸ்க் செய்த சர்வீஸை வேறு எதுவும் எழுப்ப முடியாது. கப்ஸ்-பிரவுஸ்ட் என்ற துணை சர்வீஸ் தனி, அதையும் மறக்காதீர்கள். அது யுடிபி 631இல் எல்லா முகவரியிலும் காத்திருந்ததால் 2024 செப்டம்பரில் பெரிய பிரச்சினை ஆனது. பிரிண்டரே மாட்டாத சர்வருக்கு அது எதற்கு?

உபுண்டுவுக்கு இன்னொரு குணம் உண்டு. பேக்கேஜை நிறுவிய நொடியே சர்வீஸும் ஓடத் தொடங்கிவிடும். ரெட் ஹாட் வகைகளில் நாமே தொடங்கினால்தான் ஓடும். சும்மா பார்க்கலாமே என்று ஏப்ட் இன்ஸ்டால் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் சர்வரில் அதைச் செய்யக் கூடாது.

அறிகுறி: பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தியதும் அக்கவுன்ட்ஸில் கூச்சல்

ஸ்பூலர் என்பது பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் சர்வீஸ். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளியே வந்தபோது பலரும் அதை நிறுத்தினார்கள். ஸ்பூலர் வழியாக சர்வரின் முழு அதிகாரத்தையும் பிடிக்க வழி இருந்தது. அதனால் ஆபீஸின் எல்லா லாகின்களையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வரில் அதை நிறுத்துவது சரியான முடிவு, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் டேலியை ரிமோட் டெஸ்க்டாப்பில் பயன்படுத்தும் சர்வரில் நிறுத்தினால், அவரவர் மேஜை பிரிண்டர் அந்த செஷனுக்குள் தெரியாமல் போகும். பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதும் பிரிண்டர்தான் என்பதால் அதுவும் போய்விடும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஸ்பூலரை ஓடவிட்டு, குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் பகுதியின் பிரிண்டர்ஸ் பிரிவில், கிளையன்ட் இணைப்புகளை ஸ்பூலர் ஏற்க அனுமதிக்கும் விதியை டிசேபிள்ட் ஆக்குங்கள். பிறகு ஸ்பூலரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த சர்வரிலிருந்தே எடுக்கும் பிரிண்ட் வரும். மற்ற மெஷின்கள் அதை பிரிண்ட் சர்வராகப் பயன்படுத்த முடியாது, வெளியாளும் அந்த வழியாக உள்ளே பேச முடியாது.

அறிகுறி: ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் போல்டருக்குப் போகவில்லை

ஷேர் போல்டருக்கான பழைய நெறிமுறையான எஸ்எம்பி 1ஐ நீக்கியிருப்பீர்கள், அல்லது புது சர்வருக்கு மாறியிருப்பீர்கள். விண்டோஸ் சர்வர் 2019இல் அது தானாக வருவதில்லை. பழைய காப்பியர்களுக்கு அந்தப் பழைய பாஷை மட்டும்தான் தெரியும். சரி, திரும்பப் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். 2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை புழு உலகத்தைச் சுற்றியது இந்த எஸ்எம்பி 1இன் ஓட்டை வழியாகத்தான். அதற்கும் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14இல் பேட்ச் வந்துவிட்டிருந்தது.

காப்பியரின் வெப் பக்கத்தில் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து எஸ்எம்பி 2 இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் இருந்தும் அணைத்து வைத்திருப்பார்கள். இல்லையென்றால் சர்வீஸ் ஆளிடம் ஃபர்ம்வேர் அப்டேட் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும் வசதிக்கு மாறுங்கள். இன்னும் யார் பழைய பாஷையில் பேசுகிறார்கள் என்று தெரியாமல் நீக்கத் தயக்கமாக இருந்தால், பவர்ஷெல்லில் எஸ்எம்பி சர்வர் அமைப்பில் எஸ்எம்பி 1 அணுகலுக்கான தணிக்கையை இயக்குங்கள். ஒரு வாரம் கழித்து ஈவென்ட் வியூவரில் எஸ்எம்பிசர்வரின் ஆடிட் பகுதியில் எண் 3000 உள்ள பதிவுகளில் ஐபி முகவரிகள் இருக்கும். அநேகமாக அது ஒரே ஒரு காப்பியராகத்தான் இருக்கும்.

அறிகுறி: ஃபயர்வாலில் மூடினேன், வெளியிலிருந்து திறந்தே இருக்கிறது

உபுண்டுவில் டாக்கர் (சாப்ட்வேர்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டுவது) ஓடுகிறதா? அப்படியென்றால் யுஎஃப்டபிள்யூ என்ற உபுண்டுவின் ஃபயர்வால் சொல்வதை நம்பாதீர்கள். கன்டெய்னருக்கு போர்ட் திறக்கும்போது டாக்கர் தனக்கென்று விதிகளை எழுதிக்கொள்கிறது. பாக்கெட்டுகள் யுஎஃப்டபிள்யூவின் வாசலுக்கு வருவதற்கு முன்பே அந்த வழியில் திரும்பிவிடுகின்றன. ஸ்டேட்டஸில் டினை என்று இருக்கும், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 3306 போர்ட் வெளியே பளிச்சென்று தெரியும். கன்டெய்னரின் அமைப்பை எழுதியிருக்கும் கம்போஸ் ஃபைலில் போர்ட் வரியின் முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து, கன்டெய்னரைத் திரும்ப உருவாக்குங்கள். அந்த டேட்டாபேஸைப் பக்கத்துக் கன்டெய்னர் மட்டும்தான் பயன்படுத்துகிறதென்றால் போர்ட் வரியே தேவையில்லை, அழித்துவிடுங்கள்.

டாக்கர் இல்லையென்றால் ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைப் பாருங்கள். சிசிடிவிக்காரர் போட்ட வரிகள் இருக்கும். உள்ளே இருக்கும் சாதனங்கள் தாங்களே போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி இயங்கினால் அணையுங்கள். சோதனையை ஆபீஸ் வைஃபையிலிருந்து செய்யாமல் மொபைல் டேட்டாவிலிருந்து செய்ய வேண்டும்.

அறிகுறி: செக்யூரிட்டி லாக் முழுக்க 4625

அது லாகின் தோல்விக்கான எண். அட்மின், டெஸ்ட், ஸ்கேனர் என்று நிமிடத்துக்குப் பல பெயர்களில் முயற்சி நடந்திருந்தால் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட்டான 3389 இணையத்துக்குத் திறந்திருக்கிறது. லினக்ஸில் இதே காட்சி ஆத் லாக்கில் தெரியும். போர்ட்டை 3390க்கு மாற்றுவதால் லாக் கொஞ்சம் சுத்தமாகும், அவ்வளவுதான். ரவுட்டரில் அந்த வரியை எடுத்துவிட்டு, வீட்டிலிருந்து வருபவர்களுக்கு விபிஎன் கொடுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் என்றால் ஒரே ஒரு யுடிபி போர்ட் போதும். சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது.

லினக்ஸில் எஸ்எஸ்எச் என்ற ரிமோட் லாகின் சர்வீஸைப் பாஸ்வேர்ட் இல்லாமல் சாவி ஃபைலுக்கு மட்டும் என்று மாற்றும்போது, பழைய ஜன்னலை மூடாமல் புதிய ஜன்னலில் உள்ளே போய்ப் பாருங்கள். உபுண்டு 24.04இல் எஸ்எஸ்எச்சும் சாக்கெட் வழியாகவே எழுகிறது. கான்ஃபிக்கில் போர்ட்டை மாற்றியும் பழைய போர்ட்டிலேயே நின்றால், டீமன்-ரீலோட் செய்து எஸ்எஸ்எச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அறிகுறி: நாம் அனுப்பும் மெயில் எல்லாம் திரும்பி வருகிறது

ஆபீஸின் ஐபி ஸ்பேம் பட்டியலில் ஏறியிருக்கலாம். மெயில் வாங்கும் 25ஆம் போர்ட்டில் உங்கள் சர்வர் காத்திருக்கிறதா? அப்படியென்றால் வெளியார் அதன் வழியே ஸ்பேம் அனுப்பியிருக்கலாம். பேக்கப் முடிந்ததும் ஓர் அறிவிப்பு அனுப்ப மட்டுமே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் தேவையென்றால், அதன் இன்டர்ஃபேஸ் அமைப்பை லூப்பேக்-ஒன்லி என்று வையுங்கள். அது அனுப்பும், வாங்காது.

அறிகுறி: சிபியூ எப்போதும் 100இல்

இரவில் யாரும் இல்லாதபோதும் அப்படி என்றால், யாரோ உங்கள் மின்சாரத்தில் கிரிப்டோ காசு தோண்டுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். பாஸ்வேர்ட் இல்லாமல் 6379இல் திறந்து கிடக்கும் ரெடிஸ் டேட்டாபேஸ், 2375இல் திறந்த டாக்கர் ஏபிஐ இரண்டும் வழக்கமான வாசல்கள். பிராசஸைக் கொன்றால் அடுத்த நிமிடம் வரும், ஏனென்றால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரியும் எஸ்எஸ்எச் சாவிகளில் ஒன்றும் சேர்த்துவைத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் சுத்தம் செய்ய முயலாதீர்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், மெஷினை அணைக்க வேண்டாம். லாக்குகளை நகலெடுங்கள். இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, இத்தகைய சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அப்புறம் புதிதாக நிறுவி, நோட்டில் ஆள் இருக்கும் சர்வீஸ்களை மட்டும் ஏற்றி, டேட்டாவை பேக்கப்பிலிருந்து எடுங்கள்.

அறிகுறி: நிறுத்தி ஒரு வாரமாகிறது, யாரும் எதுவும் கேட்கவில்லை

அவசரப்பட்டு அன்இன்ஸ்டால் செய்யக் கூடாத இடம் இதுதான். ஆபீஸில் எல்லா வேலையும் தினசரி வேலை அல்ல. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11இல் ஜிஎஸ்டிஆர்-1, 15இல் பிஎஃப், 20இல் ஜிஎஸ்டிஆர்-3பி. சம்பளக் கணக்கு மாதக் கடைசியில் ஓடும். ஒருமுறை, நான் நிறுத்திய ஒரு சின்ன சர்வீஸை 24 நாள் யாரும் தேடவில்லை. 25ஆம் நாள் காலை எச்ஆர் அம்மா வந்து, "தம்பி, பஞ்ச் டேட்டா சாலரி ஷீட்டுக்கு வரலையேப்பா" என்றார். டிசேபிள்ட்டை எடுத்துவிட்டு ஸ்டார்ட் அழுத்த அரை நிமிடம் ஆனது. அன்இன்ஸ்டால் செய்திருந்தால் அந்தச் சாப்ட்வேர்காரரைத் தேடிப்பிடித்து லைசென்ஸ் வாங்க மூன்று நாள் ஆகியிருக்கும், அதற்குள் சம்பளத் தேதி வந்திருக்கும்.

அதனால் என் கணக்கு 40 நாள், இந்தத் தேதிகள் எல்லாம் ஒருமுறையாவது வந்துபோகும். மார்ச், ஏப்ரலில் புதிதாக எதையும் நிறுத்துவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடுவது ஏதாவது உண்டா என்று ஆடிட்டர் ஆபீஸிலும் கேட்டுவிடுவேன்.

40 நாள் தாண்டினால் அன்இன்ஸ்டால் செய்யலாம். அதோடு முடியாது. அந்த சாப்ட்வேர் சேர்த்துக்கொண்ட ஃபயர்வால் விதி அப்படியே இருக்கும், அதை நீக்குங்கள். அதற்காக உருவாக்கிய விண்டோஸ் பயனர், எல்லோருக்கும் திறந்துவைத்த ஷேர் போல்டர், ரவுட்டரில் போட்ட வரி, டாஸ்க் ஷெட்யூலரில் இருக்கும் அப்டேட்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். லினக்ஸில் ரிமூவ் கான்ஃபிக்கை விட்டுவைக்கும், பர்ஜ் அதையும் எடுக்கும். பிறகு ஏப்ட் ஆட்டோரிமூவ்.

ஒருமுறை ரீபூட் செய்து, நெட்ஸ்டாட்டையோ எஸ்எஸ்ஸையோ மறுபடி ஓட்டி, வந்த பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு நோட்டில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை புது போர்ட் ஒன்று தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டியல் தயாராக இருக்கும்.